குருசடைத் தீவுக்கு யார் போகலாம்?

மதுரையில் கோடை வெயில் கொளுத்தும்போது விளக்குத்தூண் பக்கம் போனவர்கள் ஜிகர்தண்டா குடிக்காமல் திரும்புவதில்லை. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், பாதாம் பிசின், ஐஸ்கிரீம். இத்தனைக்கும் நடுவே வழுவழு என்று தொண்டையில் இறங்குகிறதே, அதுதான் கடற்பாசி.

"இது எங்கேயிருந்தும்மா வருது?" என்று பிள்ளை கேட்கிறது.

"கடல்லேயிருந்துதான். பேரைப் பாரு, கடற்பாசி" என்று தாய் சொல்கிறாள். "பேசாமக் குடி. உருகிடப் போவுது."

எந்தக் கடல்? பாசி எடுக்கிறவர்கள் யார்? அந்தக் கடலில் இறங்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? மதுரையிலிருந்து நாலு மணி நேரம் ரெயிலில் போனால் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும். விடை கொஞ்சம் கசப்பானது.

பாலம் திறந்தது

2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, ராம நவமி அன்று, பாம்பனில் புதிய ரெயில் பாலத்தைப் பிரதமர் மோடி திறந்து வைத்தார். பாலத்தின் நீளம் 2 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். நடுவே 72 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு, லிப்டு போல நேராக மேலே ஏறுகிறது. கப்பல் அதற்கு அடியில் போகிறது. பிறகு துண்டு கீழே இறங்குகிறது. ரெயில் அதன்மேல் போகிறது.

பழைய பாலம் 1914-ம் ஆண்டில் கட்டியது. 1964-ம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரெயில் ஒன்று பயணிகளோடு கடலுக்குப் பலியாயிற்று. பாலமும் சேதம் அடைந்தது. ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயரின் பொறுப்பில் அதை 46 நாளில் செப்பனிட்டார்கள். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ ரெயிலை அமைத்தவரும் இதே ஸ்ரீதரன்தான். அதன் பிறகு அந்தப் பாலம் இன்னும் 58 ஆண்டுகள் உழைத்தது. உப்புக் காற்று இரும்பை அரித்துவிட்டதால், 2022-ம் ஆண்டு டிசம்பரில் ரெயிலை நிறுத்தினார்கள்.

இரண்டேகால் ஆண்டு ராமேசுவரத்துக்கு ரெயில் இல்லை. இப்போது மறுபடியும் ஓடுகிறது. மதுரையில் ஏறினால் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று வண்டி போகிறது. வழியில் வெகு தூரம் வைகையும் கூடவே வருகிறது. வைகை கடலைச் சேராத ஆறு என்று ஊரில் சொல்வார்கள். பெரிய வெள்ளம் வந்தால்தான் அது கடலைத் தொடும். மற்றக் காலங்களில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி. ஆனால் மதுரைக்காரர்கள் அமாவாசைக்கு அமாவாசை கடலைச் சேர்ந்துவிடுகிறார்கள்!

அக்னி தீர்த்தம், 22 தீர்த்தக் கிணறுகள், சுவாமி தரிசனம், தனுஷ்கோடி, அப்துல் கலாம் நினைவகம். இவ்வளவையும் பார்த்த பிறகும் ஒரு பகல் மிச்சம் இருக்கிறது. "தீவுக்குப் போகலாம் வாங்க" என்று ஆட்டோக்காரர் கூப்பிடுகிறார். அவர் சொல்வது குருசடைத் தீவு.

இருபத்தொரு தீவுகள்

ராமேசுவரமே ஒரு தீவுதான். ஆனால் ஊரும் கடைத்தெருவும் பெருத்துப் போனதால், தீவில் நிற்கிறோம் என்ற நினைப்பே வருவதில்லை. அசல் தீவுகள் அதற்குத் தெற்கே இருக்கின்றன.

ராமேசுவரத்தில் தொடங்கித் தூத்துக்குடி வரை, கரையிலிருந்து சில கிலோ மீட்டர் தள்ளி, மணிமாலை போல 21 தீவுகள் வரிசையாக இருந்தன. முசல் தீவு, மனோலித் தீவு, பூமரிச்சான், புள்ளிவாசல், தலையாரி, அப்பா தீவு, நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, காரியாச்சல்லி, வான் தீவு... பெயர்களே கதை போல இருக்கின்றன. "இருந்தன" என்று எழுதியது கைதவறி அல்ல. இவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

கச்சத்தீவைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். அது ஒரு தீவு. நம் கையிலேயே இருக்கும் இந்த இருபத்தொன்றைப் பற்றி மேடைகளில் பேச்சைக் காணோம்.

குருசடைக்குப் போக, பாம்பனுக்கு அருகில் உள்ள குந்துகால் என்ற இடத்தில் படகு ஏற வேண்டும். 1897-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகழ் பெற்றுத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் தாய்நாட்டு மண்ணில் முதலில் கால் வைத்தது இங்கேதான். காட்டு இலாகாதான் படகு விடுகிறது. வெகு தூரம் இல்லை. கரை மறைவதற்கு முன்பே தீவு வந்துவிடுகிறது.

கண்ணாடி போன்ற தண்ணீர். வெள்ளை மணல். அலையில் வேரை ஊன்றி நிற்கும் அலையாத்தி மரங்கள். கொக்கும் நாரையும் கடற்காகமும். ராமநாதபுரம் ஜில்லாவின் பொட்டல் வெளியையும் கருவேலங்காட்டையும் பார்த்துப் பார்த்து வந்த கண்ணுக்கு, இந்தப் பச்சை நிஜந்தானா என்று சந்தேகம் வரும்.

ஆனால் தீவின் செல்வம் கரைமேல் இல்லை. தண்ணீருக்குள் இருக்கிறது.

கடலுக்குள் நந்தவனம்

பவளப் பாறை என்பது பாறை அல்ல. அது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு பிராணிகள் சேர்ந்து கட்டிய வீடு. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சேர்த்து ஒரு கூடு கட்டுகிறது. அது இறந்தபின் அதன்மேல் அடுத்தது கட்டுகிறது. பல இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டி மீட்டர்தான் வளரும். நம் வீட்டுப் பாட்டி பிறந்த வருஷத்தில் முளைத்த பவளம் இன்றைக்கு ஒரு முழம், ஒன்றரை முழம் இருக்கும். ஒரு நங்கூரம் விழுந்தால், ஒரு கால் அழுத்தி மிதித்தால், அது ஒரே நொடியில் உடைந்துவிடும்.

மன்னார் வளைகுடாவில் நூறுக்கு மேற்பட்ட பவள இனங்கள் இருக்கின்றன. அந்தப் பவளச் சந்துகளில்தான் மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. மதுரை மீன் கடையில் பாறை மீனும் விளமீனும் விலை பேசுகிற தாய்மார்களுக்கு இந்தத் தீவுகளோடு உள்ள உறவு இதுதான். இங்கே நாற்றங்கால் அழிந்தால், அங்கே கடையில் மீன் குறையும்.

குருசடையின் பெருமை இன்று நேற்று வந்தது அல்ல. சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1880-களின் கடைசியில் இந்தப் பக்கத்துக் கடல் பிராணிகளை ஆராய்ந்தார். பிறகு மீன் இலாகா தீவிலேயே ஒரு ஆராய்ச்சி நிலையம் நடத்தியது. முதுகெலும்பு உள்ள பிராணிகளுக்கும் இல்லாத பிராணிகளுக்கும் நடுவே பாலம் போல இருக்கும் ஒரு விசித்திரப் புழு இந்த மணலில் வாழ்கிறது. அதைப் பார்க்கத் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் வருஷம்தோறும் மண்டபத்துக்கு வந்து போனார்கள். "உயிர்நூல் படித்தவர்களின் சொர்க்கம்" என்று குருசடைக்குப் பட்டமே உண்டு.

பாக் நீரிணைப் பக்கம், பிரப்பன்வலசையில், முகமூடியும் மூச்சுக் குழலும் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் தலையை வைத்துப் பார்க்க ஏற்பாடு இருக்கிறது. தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். அந்தமானில் உள்ள சுவராஜ் தீவுக்கு (2018 வரை அதன் பெயர் ஹேவ்லாக்) விமானம் ஏறிப் போய், ஆயிரக்கணக்கில் செலவழித்து முக்குளிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வசதி இல்லாத மதுரைக் குடும்பம், ரெயில் சீட்டும் படகுச் சீட்டும் வாங்கிக்கொண்டு அதே கடல் அழகில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பலாம். இது நல்ல காரியம். இதைக் குறை சொல்ல இடமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது.

முக்குளிக்கும் பெண்கள்

மண்டபத்துக்கு வடக்கே உள்ள கடல் அமைதியானது. அதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே அலையடிக்கும் மன்னார் வளைகுடாவுக்கு ஆண் கடல் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண் கடலில் மூச்சைப் பிடித்து மூழ்குகிறவர்கள் பெண்கள்!

பாம்பன் தீவிலும், மண்டபம் முதல் கீழக்கரை, ஏர்வாடி வரை உள்ள கரையோரக் குப்பங்களிலும், ஆயிரக்கணக்கான பெண்கள் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். இருட்டு விலகும் முன்பே வீட்டு வேலையை முடித்துவிட்டுச் சிறு படகுகளில் தீவுப் பக்கம் போகிறார்கள். சேலைக்கு மேல் ஒரு சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. காலில் ரப்பர் செருப்பு. பாறை கிழிக்காமல் இருக்க, விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருக்கும். இடுப்பில் ஒரு பை. மூச்சுக் கருவி கிடையாது. மூழ்கிப் பாசியைப் பிடுங்கிப் பையில் போட்டு, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி மூழ்க வேண்டும். இப்படிப் பல மணி நேரம். சொறி மீன் பட்டால் உடம்பு எரியும். திருக்கை முள் குத்தினால் ஆஸ்பத்திரிதான்.

அவர்கள் எடுப்பது மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. கரையில் உலர்த்தி வியாபாரிக்கு விற்கிறார்கள். அங்கிருந்து அது எங்கே போகிறது? பெரும்பாலும் மதுரைக்குத்தான்! அகர் காய்ச்சும் தொழிற்சாலைகள் மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் பல காலமாக நடந்து வருகின்றன. பாசியைக் கழுவி வேகவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, உறையவைத்து, உலர்த்தினால் நாம் மளிகைக் கடையில் வாங்கும் கடற்பாசி ஆகிவிடுகிறது. டம்ளரில் இருப்பதெல்லாம் இந்தக் கடலில் எடுத்ததுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. வெளியிலிருந்தும் வருகிறது. ஆனால் பல காலமாக மதுரையின் அகர் தொழிலுக்கு அடிவேர் இந்தப் பெண்களின் மூச்சுத்தான்.

அகர் இனிப்புக்கு மட்டும் அல்ல. சளியையோ ரத்தத்தையோ டாக்டர் சோதனைக்கு அனுப்பினால், அதில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது இந்தப் பாசிக் கூழில்தான். கட்டக்கோரையிலிருந்து எடுக்கும் பசை, துணியில் சாயம் அச்சடிக்க உதவுகிறது.

மதுரைக்காகக் கடலில் மூழ்கியவர்களில் இவர்கள் முதல் அல்ல. இதே மன்னார் வளைகுடாவில்தான் பாண்டியர்களுக்காகக் கொற்கைத் துறையில் முத்துக் குளித்தார்கள். கல்லைக் கயிற்றில் கட்டி, அதன் பாரத்தில் அடியில் இறங்கி, சிப்பியை அள்ளி வந்தார்கள். பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பைப் பற்றி மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். 1961-ம் ஆண்டுக்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆண்கள் முத்துக்காக மூழ்கிய காலம் முடிந்தது. பெண்கள் பாசிக்காக மூழ்குவது நிற்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ம் ஆண்டு, இந்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோ மீட்டர் பரப்பைக் கடல் தேசியப் பூங்கா என்று சர்க்கார் அறிவித்தது. 1989-ம் ஆண்டு, மன்னார் வளைகுடாவில் 10,500 சதுர கிலோ மீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று.

நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் தேசியப் பூங்கா என்றால் என்ன? 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. உள்ளே இருக்கும் எதையும் எடுக்கக்கூடாது. அனுமதி எதற்கெல்லாம் கொடுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆராய்ச்சி செய்யலாம். போட்டோ எடுக்கலாம். உல்லாசப் பயணம் போகலாம். பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்தவள் பாசி எடுக்கலாம் என்று அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே மதுரையிலிருந்து போகிற நமக்குச் சீட்டு உண்டு. எதிர்க்கரையில் பிறந்தவளுக்குச் சீட்டு இல்லை. நாம் விருந்தாளி. அவள் திருடி. தீவுப் பக்கம் போன பெண்களை விரட்டியதும், படகைப் பிடித்ததும், அபராதம் போட்டதும் நடந்திருக்கின்றன. 2000-க்குப் பிறகு கெடுபிடி அதிகமாயிற்று.

காட்டு இலாகாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் இரும்புச் சுரண்டியால் பாசியைச் சுரண்டினார்கள். பாசியோடு பவளமும் பெயர்ந்து வந்தது. தீவில் இறங்கி விறகு ஒடித்தார்கள். இதெல்லாம் உண்மை.

ஆனால் அந்தப் பெண்கள் தாங்களே கூடிப் பேசித் தங்களுக்கு ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். சுரண்டியை விட்டார்கள். கையால்தான் பிடுங்க வேண்டும். மாதத்தில் 12 நாள் மட்டும், அமாவாசையையும் பவுர்ணமியையும் ஒட்டி, கடலில் இறங்க வேண்டும். மற்ற நாட்களில் பாசி வளரட்டும். மீன் முட்டையிடும் கோடைக் காலத்தில் ஒன்றரை மாதம் கடலுக்கே போகக்கூடாது. எந்தச் சட்டசபையிலும் நிறைவேறாத சட்டம் இது! இந்தப் பெண்களின் தலைவியாக இருந்து பாடுபட்ட சின்னப்பாலத்துப் பெண்மணி ஒருவருக்கு, 2015-ம் ஆண்டில் அமெரிக்காவில் உள்ள சீகாலஜி என்ற அமைப்பு பரிசு கொடுத்துப் பாராட்டியது. சின்னப்பாலம் குருசடைக்கு எதிரே, குந்துகாலை ஒட்டிய குப்பம். அமெரிக்காவரை போய்ப் பரிசு வாங்கி வரலாம். எதிரே இருக்கும் தீவில் பாசி எடுக்கத்தான் தடை.

தீவை விழுங்கியது யார்?

இப்போது அந்த இரண்டு தீவுகளின் கதைக்கு வருவோம்.

பல ஆண்டுகள், பவளத்தை வெட்டி எடுத்துப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைக்கும் கட்டிடத்துக்கும் அது போயிற்று. பவளம்தான் தீவுக்கு மதில். மதில் போனால் அலை நேராக வந்து மணலை அள்ளிப் போகும். அதுதான் நடந்தது. பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் மறைந்தன. காரியாச்சல்லித் தீவு 1969-ம் ஆண்டில் சுமார் 50 ஏக்கர் இருந்தது. 2018-ம் ஆண்டில் சுமார் 14 ஏக்கர்தான். 2001-ம் ஆண்டில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பைச் சட்டம் பவளத்துக்கும் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் வெட்டுவது படிப்படியாக ஓய்ந்தது. வான் தீவைக் காப்பாற்ற, 2015-ம் ஆண்டு முதல் அதன் முன்னால் கடலுக்குள் சிமெண்டுப் பாறைகளை இறக்கி வருகிறார்கள். இயற்கை இலவசமாகக் கட்டிக் கொடுத்த சுவரை உடைத்துவிட்டு, இப்போது காசு கொடுத்துச் சுவர் கட்டுகிறோம்.

அடுத்த எதிரி வெப்பம். கடல் சூடு ஒன்று இரண்டு டிகிரி ஏறி, சில வாரம் அப்படியே நின்றால், பவளம் தனக்குச் சோறு போடும் நுண்ணிய பாசியை வெளியே துப்பிவிடுகிறது. நிறம் போய் எலும்புபோல் வெளுக்கிறது. சூடு தணியாவிட்டால் பட்டினியால் சாகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளம் பெரிய அளவில் வெளுத்தது. இதில் பாசி எடுக்கும் பெண்ணின் பங்கு என்ன? மோட்டாரும் மில்லும் மின்சாரமும் இல்லாமல் நமக்குப் பொழுது விடிவதில்லை. நம் பங்கு அவளுடையதைவிட அதிகம்.

மூன்றாவது எதிரி, பாசியே. இது வெளிநாட்டுப் பாசி. கப்பாபைகஸ் என்று பெயர். மூங்கில் மிதவையில் கட்டி வளர்த்தால் ஒன்றரை மாதத்தில் அறுவடை செய்யலாம் என்று, 2000-ம் ஆண்டையொட்டி பாக் நீரிணையில் வளர்க்கத் தொடங்கினார்கள். பெண்களுக்கு வருமானம் வந்தது. மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பாசி தப்பித்துப் போய்க் குருசடையின் உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்திருப்பதை, மதுரை காமராஜர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2008-ம் ஆண்டில் எடுத்துக் காட்டினார்கள். கம்பளியால் மூடியதுபோல் அது பவளத்தை மூடி, வெளிச்சம் படாமல் கொன்றுவிடுகிறது. பிடுங்கினாலும் திரும்பத் திரும்பத் தழைக்கிறது.

"தீவுக்குப் போகாதீர்கள். மிதவையில் பாசி வளருங்கள்" என்பதுதான் இந்தப் பெண்களுக்கு அரசாங்கம் காட்டும் வழி. 2023-ம் ஆண்டு செப்டம்பரில், ராமநாதபுரம் ஜில்லா வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகும் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். கோடிகள் நல்லதுதான். ஆனால் 2013-ம் ஆண்டையடுத்துக் கடல் சூடேறியபோது மிதவைப் பாசி அழுகி, விளைச்சல் விழுந்துபோனது. மிதவைக்கு முதல் வேண்டும், கயிறு வேண்டும், விதைப் பாசி வேண்டும். மூச்சுக்கு எதுவும் வேண்டாம். ஆகவே மிதவை கைவிட்ட வருஷங்களில் அவர்கள் மறுபடியும் தீவுப் பக்கந்தான் போக வேண்டியிருக்கிறது.

தாய்லாந்தும் கொரியாவும்

உல்லாசப் பயணம் தீவை வாழவைக்குமா, கெடுக்குமா? இரண்டும் செய்யும்.

தாய்லாந்தில் மாயா விரிகுடா என்று ஒரு அழகான இடம். ஒரு ஹாலிவுட் படம் 2000-ம் ஆண்டில் அதைப் பிரபலமாக்கிவிட்டது. நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் போய் இறங்கினார்கள். படகுகளின் நங்கூரத்தால் பவளம் நொறுங்கியது. 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் இழுத்து மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது, விரிகுடாவுக்குள் படகு வரக்கூடாது, இவ்வளவு பேருக்குமேல் வரக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். பிலிப்பைன்சில் போராக்காய் தீவில் சாக்கடை கடலில் கலந்தது. அதை 2018-ம் ஆண்டில் ஆறு மாதம் மூடினார்கள்.

குருசடை ஒரு சிறு தீவு. 170 ஏக்கர்கூட இல்லை. புதிய பாலத்தில் வண்டி வண்டியாக ஜனங்கள் வந்து இறங்கும்போது, "இன்னும் ரெண்டு படகு விடுங்களேன்" என்று கேட்பவர்கள் வருவார்கள். ஒரு தேநீர்க் கடை, ஒரு ஓட்டல், அப்புறம் ஒரு தங்கும் விடுதி. மலைவாசஸ்தலங்களில் நாம் செய்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொரியாவில் ஜேஜு என்று பசுமை நிறைந்த ஒரு தீவு இருக்கிறது. அங்கேயும் பெண்கள்தான் மூச்சைப் பிடித்துக் கடலில் மூழ்குகிறார்கள். சிப்பி, பாசி எடுக்கிறார்கள். அறுபது, எழுபது வயதுப் பாட்டிகள்! எந்த நாள் மூழ்குவது, எவ்வளவு எடுப்பது என்பதை அவர்களுடைய சங்கமே தீர்மானிக்கிறது. 2016-ம் ஆண்டில் யுனெஸ்கோ இவர்களுடைய கலையை உலகப் பண்பாட்டுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது. அவர்களுக்கென்று ஒரு மியூசியமே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கடலைப் பார்ப்பதோடு இவர்களையும் பார்க்க வருகிறார்கள். இவர்கள் கையால் எடுத்ததைக் கரையிலேயே வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

அதே வேலையைச் செய்பவள்தான் சின்னப்பாலத்துப் பெண். ஜேஜுவில் பிறந்திருந்தால் அவளுக்கு மியூசியம்.

என்ன செய்யலாம்?

வழி இல்லாமல் இல்லை. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு, தேசியப் பூங்காவிலும் உரிமை கொடுக்க இடம் வைத்திருக்கிறது. நீர்நிலைகளில் கிடைக்கும் மீனும் மற்றப் பொருள்களும் அதில் அடக்கம். மூன்று தலைமுறை, 75 ஆண்டு வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டும். அந்தச் சட்டத்தைக் கடலுக்கும் பொருத்துங்கள் என்று கேட்டு வருகிறார்கள். மலையில் தேன் எடுப்பவருக்கு ஒரு நியாயம், கடலில் பாசி எடுப்பவளுக்கு ஒரு நியாயம் என்பது சரியாகப் படவில்லை.

பெண்கள் தாங்களே போட்டுக்கொண்ட பன்னிரண்டு நாள் கட்டுப்பாட்டைச் சர்க்கார் எழுத்தில் எழுதி, அடையாளச் சீட்டுக் கொடுத்தால் போதும். மீறுகிறவர்களைப் பிடிக்க அந்தப் பெண்களே முதலில் வருவார்கள். அவர்கள் பிழைப்பு அல்லவா! படகுச் சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு குப்பங்களுக்குப் போகட்டும். தீவில் வழிகாட்டும் வேலையை அவர்களுக்கே கொடுக்கலாம். எந்தப் பாறையில் எந்தப் பாசி, எந்த மாதம் எந்த மீன் வரும் என்று புத்தகம் பார்க்காமல் சொல்லக்கூடியவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? காரங்காட்டில் ஊர் ஜனங்களே படகு ஓட்டி வழி காட்டுகிறார்கள். அதைக் குருசடையிலும் செய்யலாம்.

படகுகளின் எண்ணிக்கையை இப்போதே கட்டிவைப்பது நல்லது. கூட்டம் பழகிய பிறகு கட்டுவது கஷ்டம்.

2022-ம் ஆண்டு செப்டம்பரில், பாக் நீரிணையில் 448 சதுர கிலோ மீட்டர் பரப்பைக் கடல் பசுவுக்காக ஒதுக்கினார்கள். ஆவுளியா என்று மீனவர் சொல்லும் சாதுவான பிராணி அது. கடல் பசுவுக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, கடலில் இறங்கும் பெண்ணுக்குப் பன்னிரண்டு நாள் ஒதுக்குவது பெரிய காரியம் அல்ல.

இந்த விடுமுறைக்குப் போகிறவர்கள், படகு உண்டா என்று முதல் நாளே காட்டு இலாகாவில் விசாரித்துக்கொள்ளுங்கள். காற்றுக் காலத்தில் விடமாட்டார்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். தின்பண்டத்தைத் தூக்குச் சட்டியில் கொண்டு போங்கள். பவளத் துண்டு ஒன்றைப் பிள்ளை ஆசைப்பட்டு எடுத்தாலும், வாங்கி அங்கேயே போட்டுவிடுங்கள். அது சட்டப்படி குற்றம். பவளத்தின்மேல் கால் வைக்க வேண்டாம்.

அமாவாசையை ஒட்டிய நாளாக இருந்தால், தூரத்தில் தண்ணீருக்கு மேல் சில தலைகள் தெரியலாம். மறையும், மறுபடி வரும். பிள்ளை பறவை என்று நினைத்துக் கை காட்டும். பறவை அல்ல, ஜிகர்தண்டாவில் குடித்தாயே, அதை எடுக்கிறவர்கள் என்று சொல்லுங்கள்.